மருமக்கள் வழின்னா பெண்கள் ஆட்சியா? அப்ப ஏன் சட்டம் போட்டு ஒழிச்சாங்க?

கேள்வி இதுதான்: "தாய்வழிச் சமூகம்னா அங்க பெண்கள்தான் எல்லாத்தையும் ஆண்டாங்களா, அவ்வளவு நல்ல முறைன்னா கேரளாவிலயும் நாஞ்சில் நாட்டுலயும் அதை ஏன் சட்டம் போட்டு ஒழிச்சாங்க, இப்ப எங்கயாவது மிச்சம் இருக்கா?" நான் குமரி மாவட்டத்துக்காரன், எங்க பக்கம் வயசானவங்க இருக்கிற வீட்ல இந்தப் பேச்சு இன்னும் வரும். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல் கேள்விக்கு பதில், பெண்கள் ஆட்சி எல்லாம் கிடையாது. தாய்வழின்னா வம்சத்தை அம்மா பக்கமா எண்ணுவாங்க, அவ்வளவுதான். அதிகாரம் பெரும்பாலும் அம்மாவோட அண்ணன் தம்பி கையில இருக்கும். மேகாலயாவுல காசி மக்கள்கிட்ட பரம்பரை வீடு கடைசி மகளுக்குப் போகும், பிள்ளைங்க அம்மாவோட குலப்பேரைத்தான் போட்டுக்குவாங்க, ஆனா ஊர் கூடிப் பேசுற தர்பார்ல பெண்களுக்கு வழக்கப்படி இடமே கிடையாது. கடைசி மகள் சொத்தைக் காப்பாத்தி அம்மா அப்பாவையும் பார்த்துக்கணும், வித்துத் தின்ன முடியாது, பெரிய முடிவுன்னு வந்தா மாமன்மாரைத்தான் கேக்கணும்.

அதனால ஒரு சமூகம் தாய்வழியா தந்தைவழியான்னு கேட்டா மட்டும் ஒண்ணும் பிடிபடாது. நான் மூணு விஷயம் பார்ப்பேன். பிள்ளை யார் வம்சத்துல சேருது, கல்யாணத்துக்கு அப்புறம் யார் யார் வீட்ல போய் இருக்காங்க, ஒருத்தர் செத்தா அவர் சொத்து யார் கைக்குப் போகுது. இந்த மூணும் ஒரே பக்கமா ஓடினா அந்த முறை தாய்வழியோ தந்தைவழியோ பல தலைமுறை நிக்கும், மூணும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா யாராவது ஒருத்தர் நடுத்தெருவுக்கு வருவாங்க. கேரள நாயர் தறவாட்டையும் (அவங்க கூட்டுக் குடும்பம்) நாஞ்சில் வேளாளர் வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா இது நல்லாவே தெரியும், ரெண்டுக்கும் பேர் ஒண்ணு, வாழ்ந்த வாழ்க்கை வேற வேற.

நாயர் தறவாட்டுல ஒரு மூதாட்டியோட பெண் வாரிசுகளும், அவங்க பிள்ளைங்களும், அந்தப் பெண்களோட அண்ணன் தம்பிகளும் ஒரே வீட்ல இருப்பாங்க. நிர்வாகம் காரணவர் கையில, அதாவது அந்தக் குடும்பத்துல மூத்த ஆண். சொத்தைப் பிரிக்கக் கூடாது. கல்யாணம்னு நாம சொல்றது அங்க சம்பந்தம், ஒரு புடவை குடுத்து ஏத்துக்குவாங்க, அதுக்கப்புறம் புருஷன் ராத்திரி வந்துட்டு காலையில தன் தறவாட்டுக்குப் போயிடுவார். அவர் உழைப்பும் சாப்பாடும் தன் அம்மா வீட்ல, பொண்டாட்டி பிள்ளைங்க சாப்பாடு அவங்க தறவாட்டுல. நம்பூதிரி வீடுகள்ல மூத்த மகன் மட்டும்தான் சொந்த சாதியில கல்யாணம் பண்ணலாம், தம்பிகள் நாயர் வீடுகள்ல சம்பந்தம் வச்சுக்குவாங்க, நம்பூதிரி சொத்து சிதறாம இருக்க இது வசதியா இருந்துச்சு, பொறந்த பிள்ளைங்க அம்மா வீட்டுக் கணக்கு, அப்பாவுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. இந்த முறையில காரணவரோட கொடுமை உண்டு, தம்பிமாருக்கும் மருமக்களுக்கும், அதாவது அக்கா தங்கச்சி பிள்ளைங்களுக்கும், கையில காசு கிடையாது, இதெல்லாம் உண்மை. ஆனா ஒண்ணு கவனிங்க, ஒரு புருஷன் செத்தா அந்தப் பெண்ணையும் பிள்ளைங்களையும் யாரும் வீட்டை விட்டுத் துரத்த முடியாது, ஏன்னா அவங்க இருக்கிறது அவங்க வீட்லயே. சம்பந்தம் முறிஞ்சாலும் அதே கதைதான்.

இப்ப நாஞ்சில் நாட்டுக்கு வாங்க. தோவாளை, அகஸ்தீஸ்வரம் ரெண்டு தாலுகா, நெல் விளையுற பூமி, 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம். இங்க இருந்த வேளாளர்ல ஒரு பகுதி மக்கள் வழி, அதாவது சொத்து சொந்தப் பிள்ளைங்களுக்கு, இன்னொரு பகுதி மருமக்கள் வழி. மருமக்கள் வழின்னா சொத்து அக்கா தங்கச்சி பையனுக்கு, இங்க மருமகன்னு சொல்றது அவனைத்தான். இதுவரைக்கும் நாயர் மாதிரிதான். ஆனா பொண்டாட்டி மட்டும் தமிழ் வழக்கப்படி புருஷன் வீட்டுக்கு வந்துடுவா. சிக்கல் முழுக்க இங்கதான் ஆரம்பிக்குது.

யோசிச்சுப் பாருங்க, ஒரு பண்ணையார் வீடு. நாத்து நடுறப்பவும் அறுப்பு களத்துக்கு வர்றப்பவும் கூட நின்னு பாக்கிறது பொண்டாட்டி, வயலுக்குப் போறது மகன், நெல்லை அவிச்சுக் காயவச்சு பத்தாயத்துல கொட்டறது மருமகளும் மகளும். மருமகன் வேற ஊர்ல தன் அப்பா வீட்ல வளர்றான், ஏன்னா அவன் அம்மாவும் புருஷன் வீட்டுக்குப் போனவதானே. பண்ணையார் கண்ணை மூடுறார். அடுத்த நாள் சாவிக்கொத்து வேற ஊர்ல இருந்து வர்ற மருமகன் கைக்குப் போகுது, அதே வீட்ல முப்பது வருஷம் உழைச்ச பொண்டாட்டியும் பிள்ளைங்களும் வெளியாள் ஆயிடறாங்க. உகந்துடைமை, நங்குடைமைன்னு பிள்ளைங்களுக்கும் பொண்டாட்டிக்கும் வழக்கத்துல ஏதோ கொஞ்சம் உண்டு, அதையும் மல்லுக்கட்டித்தான் வாங்கணும். அந்த மருமகனும் சும்மா இருக்க முடியாது, அவன் அப்பா சொத்து அவனுக்குக் கிடைக்காம வேற ஒருத்தனுக்குப் போயிருக்கும், அவனுக்கு மாமன் சொத்தை விட்டா வேற நாதியில்ல. ஆக இங்க கெட்டவன்னு யாரையும் கை நீட்ட முடியாது, எல்லாரும் ஒரு வீட்ல உழைச்சு இன்னொரு வீட்ல உரிமை கேக்கிற நிலைமை.

இதோட விளைவு என்னன்னா, மனுஷன் உயிரோட இருக்கும்போதே தான் சம்பாதிச்சதை பொண்டாட்டி பேர்ல, மச்சான் பேர்ல மாத்தப் பாப்பான், மருமகன் மோப்பம் பிடிச்சு கேஸ் போடுவான், காரணவர் குடும்பச் சொத்தைப் பாழாக்கிட்டார்னு ஒரு கேஸ், செலவுக்குத் தரலன்னு ஒரு கேஸ். கல்யாண பந்தமும் லேசாப் போச்சு, பொண்டாட்டிக்கு சொத்துல பாத்தியதை கிடையாதுன்னா அடுத்தடுத்து கட்டிக்கிறதுக்கு ஆம்பளைக்கு என்ன தடை இருக்கு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதே சமூகத்துல பிறந்தவர், தேரூர்க்காரர், அவர் எழுதின மருமக்கள் வழி மான்மியம் ஒரு பண்ணையாருக்கு அஞ்சாவதா வாழ்க்கைப்பட்டவ தன் பாட்டைச் சொல்ற மாதிரிதான் போகும். அதுல கோடேறிக் குடிமுடித்த படலம்னு ஒரு பகுதியே உண்டு, கோடுன்னா கோர்ட். நாஞ்சில் நாட்டுச் சொத்து எப்படிக் கரைஞ்சுதுன்னு அந்த ஒரு தலைப்பே சொல்லிடும். கடைசியா 1926ல, மலையாள வருஷம் 1101ல, திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்குன்னு தனிச் சட்டம் போட்டுது, பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு வாரிசுரிமை, குடும்பச் சொத்தைப் பாகம் பிரிச்சுக்கலாம்னு வந்துச்சு. இந்த விஷயத்துல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல, அந்தச் சட்டம் வந்தது நல்லது. எத்தனை விதவைகளோட அழுகை அதுல நின்னிருக்கும்.

இடையில ஒண்ணு சொல்லிடறேன், சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஜனங்க ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. தன் மகளைத் தன் தங்கச்சி மகனுக்கே கட்டிக் குடுத்துட்டா சொத்து மருமகனுக்குப் போனாலும் மகள் அந்த வீட்லயே இருப்பா, பேரப்பிள்ளைங்க அங்கேயே வளரும். மாமன் மகளைக் கட்டுறது தமிழ்நாடு முழுக்க இருக்கிற வழக்கம்தான், ஆனா இங்க அது பாசத்துக்காக மட்டும் நடக்கல, சொத்துல இருந்த ஓட்டையை அடைக்கவும் உதவிச்சு. மகனுக்கு மட்டும் அப்பவும் வழி கிடையாது.

நாயர் பக்கம் ஏன் ஒழிஞ்சுதுங்கிறது வேற கதை. அங்க கூப்பாடு போட்டது பெரும்பாலும் இங்கிலீஷ் படிச்ச ஆண்கள். வக்கீலாவும் அரசாங்க உத்தியோகஸ்தனாவும் மெட்ராஸ், திருவனந்தபுரம்னு போய் பொண்டாட்டி பிள்ளைங்களோட தனிக்குடித்தனம் பண்ண ஆரம்பிச்சாங்க, சம்பளம் வாங்கறாங்க, ஆனா செத்தா அந்தச் சம்பாத்தியம் தறவாட்டுக்குப் போகும். அதாவது நாஞ்சில் நாட்ல ஆரம்பத்துல இருந்தே இருந்த அதே முரண், இவங்களுக்கு உத்தியோகத்தால வந்து சேர்ந்துச்சு. வக்கீல் சி. சங்கரன் நாயர் 1890ல சம்பந்தத்தைச் சட்டப்படி கல்யாணமா ஏத்துக்கணும்னு மெட்ராஸ் சட்டசபையில மசோதா கொண்டு வந்தார், அடுத்த வருஷம் நீதிபதி முத்துசாமி ஐயர் தலைமையில மலபார் திருமண கமிஷன் உட்கார்ந்துச்சு, 1896ல சட்டம் வந்து சம்பந்தத்தைப் பதிவு பண்ணிக்கலாம்னாங்க, ரொம்பக் கொஞ்சப் பேர்தான் பதிஞ்சாங்க. 1898ல உயில் எழுதுற உரிமை வந்துச்சு, அது நிறைய பேருக்கு உடனே உபயோகப்பட்டுது. 1925ல திருவிதாங்கூர் நாயர் சட்டம் தனித்தனியா பாகம் கேக்கலாம்னு திறந்து விட்டதும் கொஞ்ச வருஷத்துக்குள்ளயே ஆயிரக்கணக்கான தறவாடு உடைஞ்சுது. அப்ப அரசப் பொறுப்புல இருந்தது சேது லட்சுமி பாய் மகாராணி, தன் பதவியே மருமக்கத்தாயத்தால (மருமக்கள் வழிக்கு மலையாளப் பேர்) வந்த ஒருத்தர் காலத்துலதான் இது நடந்துச்சு. மலபார்ல 1933ல சட்டம். கடைசியா 1975ல கேரளா கூட்டுக் குடும்ப முறையையே ஒழிச்சு சட்டம் போட்டு 1976 டிசம்பர் 1ல இருந்து அமல் பண்ணுச்சு.

இதுல பெண்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சரியா சொல்றதில்ல. கையில பங்கு வந்துச்சு, உண்மைதான். ஆனா அந்தப் பங்கை நிர்வாகம் பண்ண புருஷன் வந்தான், வீடு மாறிச்சு, போக்கிடம்னு இருந்த தறவாடு வித்துப் போச்சு, ஒரு தலைமுறைக்குள்ள வரதட்சணையும் வந்துடுச்சு. நாஞ்சில் சட்டம் பெண்களைத் தூக்கி விட்டுது, நாயர் சட்டம் பெண்கள்கிட்ட இருந்து கொஞ்சம் குடுத்து நிறைய எடுத்துக்கிச்சுங்கிறது என் அபிப்பிராயம். ரெண்டையும் ஒண்ணா வச்சு மருமக்கத்தாயம் ஒழிஞ்சது முன்னேற்றம்னோ பெண்ணடிமைக்கு ஆரம்பம்னோ எழுதறவங்க, யார் யார் வீட்ல இருந்தாங்கன்னு பாக்கவே இல்ல.

இது நம்ம பக்கத்துக்கு மட்டும் உள்ள விஷயம்னு நினைச்சா, கானாவைப் பாருங்க. அங்க அகான் மக்கள், அசாந்தே எல்லாம் அதுல வர்றவங்க, தாய்வழி. அபூசுவான்னு சொல்ற அம்மா வழிக் குலம்தான் சொத்துக்கு உடமை, தாய்மாமனை வோஃபான்னு கூப்பிடுவாங்க. பழைய காலத்துல கிழங்கும் காய்கறியும் போட்டு நிலத்தை மாத்தி மாத்தி விவசாயம் பண்ணும்போது இதுல பெரிய தகராறு இல்ல, ஒரு போகம் உழைச்சா ஒரு போகம் சாப்பாடு, கணக்கு அன்னிக்கே முடிஞ்சுடும். 1879 வாக்குல கோக்கோ வந்துச்சு, 1911க்குள்ள உலகத்துலயே அதிகமா கோக்கோ விளைவிக்கிற நாடு கோல்ட் கோஸ்ட், அதாவது இன்னிக்கு கானா. கோக்கோ மரம் காய்க்கவே வருஷக்கணக்குல காத்திருக்கணும், காய்ச்சா முப்பது வருஷத்துக்கும் மேல காசு தரும். கன்னு நட்டு களை எடுத்தது பொண்டாட்டி பிள்ளைங்க, புருஷன் செத்ததும் தோட்டம் அவரோட தம்பிக்கோ அக்கா மகனுக்கோ. நம்ம பண்ணையார் வீட்ல நடந்தது அச்சு அசலா ஆப்பிரிக்காவுல நடக்குது. விதவையை வீட்டை விட்டுத் துரத்தறதுன்னா அங்க தினம் கேக்கிற சங்கதி ஆயிடுச்சு. 1985ல ஜெர்ரி ராலிங்ஸோட ராணுவ அரசு பிஎன்டிசி சட்டம் 111ங்கிற வாரிசுரிமைச் சட்டம் போட்டுது, பிஎன்டிசிங்கிறது அந்த அரசோட பேர். வீட்டுச் சாமான்களும் குடியிருந்த வீடும் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு, மிச்ச சொத்தை பதினாறு பங்கா போட்டா 9 பிள்ளைங்களுக்கு, 3 துணைக்கு, 2 பெத்தவங்களுக்கு, 2 வழக்கப்படி குலத்துக்கு. குலத்தை முழுசா வெட்டி விடல பாருங்க, எட்டுல ஒரு பங்கு வச்சிருக்காங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம். அபூசுவா இல்லாம அங்க ஒரு சாவு எடுக்க முடியாது, அவ்வளவு பெரிய செலவை ஏத்துக்கிற குலத்துக்கு ஒண்ணுமே இல்லன்னு சொன்னா எந்த ஊர்லயும் சட்டம் செல்லுபடி ஆகாது.

சுமத்ராவுல மினாங்கபாவ் மக்கள் வேற மாதிரி சமாளிச்சாங்க. உலகத்துலயே பெரிய தாய்வழிச் சமூகம் அவங்கதான்னு சொல்வாங்க, அதே நேரத்துல நல்ல முஸ்லிம்கள். பரம்பரை வயலும் பெரிய வீடும் அம்மா வழியா பெண்களுக்கு, ஒரு ஆள் தானா சம்பாதிச்சது இஸ்லாமிய முறைப்படி பிள்ளைங்களுக்கு, ரெண்டுக்கும் தனித்தனிப் பேரே உண்டு. மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்ல விருந்தாளி மரியாதைதான், எரிஞ்ச மரத்தூர் மேல கிடக்கிற சாம்பல் மாதிரின்னு அவங்களே சொல்வாங்க, ஒரு காத்தடிச்சா போச்சு. அம்மா வீட்லயும் இடமில்ல பொண்டாட்டி வீட்லயும் பிடிப்பில்லன்னா ஆம்பளை என்ன பண்ணுவான், வெளியூர் போவான். மெரன்தாவ்னு சொல்ற அந்தப் பழக்கத்துல கிளம்பினவங்கதான் இந்தோனேசியா முழுக்க பாடாங் சாப்பாட்டுக்கடை வச்சிருக்காங்க.

இவ்வளவு சொல்றப்ப தந்தைவழியையும் சொல்லணும், இல்லன்னா அது ஏதோ இயற்கை மாதிரியும் தாய்வழி மட்டும் விசித்திரம் மாதிரியும் ஆயிடும். தெற்கு சூடான்ல நுவேர் மக்கள் தீவிரமான தந்தைவழி, ஒருத்தன் ஆண் பிள்ளை இல்லாம செத்தா அவன் பேர்ல தம்பி மாடு குடுத்துப் பெண் எடுப்பான், பொறக்கிற பிள்ளை செத்தவனோட பிள்ளை. பெத்தவன் யாருங்கிறது அங்க கேள்வியே இல்ல, மாடு யார் பேர்ல போச்சுங்கிறதுதான் கேள்வி. பிள்ளை இல்லாத ஒரு பெண்கூட மாடு குடுத்து இன்னொரு பெண்ணைக் கட்டி அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா ஸ்தானத்துல இருக்கலாம். நம்ம வீட்டுக்கே வந்தாலும் தந்தைவழியில மூணும் ஒரே பக்கம் ஓடுறது ஆம்பளைக்குத்தான், பொறந்த வீட்லயே வம்சம், குடியிருப்பு, சொத்து எல்லாம் அவனுக்கு. பொண்ணு ஒரு வீட்ல பொறந்து இன்னொரு வீட்ல உழைக்கிறா, 1989 வரைக்கும் தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துல பொறந்த வீட்லயும் பங்கு கிடையாது. நாஞ்சில் நாட்டு மகனுக்கு நடந்த அநியாயத்தைப் பார்த்து நாம பதறுறோம், அதே அநியாயம் நம்ம ஊர் மகள்களுக்குக் காலங்காலமா நடந்துருக்கு, பழகிப்போனதால கண்ணுக்குப் படல.

கடைசிக் கேள்வி, இப்ப மிச்சம் இருக்கா. கேரளாவுல சொத்துக்கு இல்ல, ஆனா பத்மநாபசுவாமி கோயில் உரிமை இன்னும் அந்த வழியிலதான் போகுது. திருவிதாங்கூரோட கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் 1991ல காலமானார், அப்புறம் தம்பி உத்திராடம் திருநாள், 2013ல அவருக்கப்புறம் சகோதரி மகன் மூலம் திருநாள். 2020 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டும் அந்தக் குடும்பத்தோட கோயில் உரிமையை ஒத்துக்கிச்சு.

உசுரோட இருக்கிற இடம்னா நான் இலங்கையில மட்டக்களப்பையும் அம்பாறைக் கரையையும்தான் சொல்வேன். அங்க தமிழரும் சரி முஸ்லிம்களும் சரி, குடின்னு ஒரு குலப்பிரிவு உண்டு, அது அம்மா வழியா வரும், ஒரே குடிக்குள்ள கட்ட மாட்டாங்க, கோயில்ல வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) யார், திருவிழா உபயம் யாருக்குன்னு வர்றதெல்லாம் குடிக் கணக்கு. முன்னாடி முக்குவர் சட்டம்னு ஒரு வழக்கச் சட்டம் இருந்து முதுசச் சொத்து, அதாவது பரம்பரைச் சொத்து, மருமக்களுக்குப் போச்சு, 1876ல வந்த சட்டத்தோட அது முடிஞ்சுது. அப்ப குடியும் அழிஞ்சிருக்கணும்ல, அழியல. ஏன்னா வீடு சீதனமா மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்க வந்து இருப்பார், அடுத்த மகளுக்கு வீடு கட்டறப்ப அம்மா அப்பா நகர்ந்து போய் பக்கத்துலயே இருப்பாங்க. அக்கா தங்கச்சி வீடுகள் ஒரே வளவுக்குள்ள வரிசையா நிக்கும், அண்ணன் தம்பிமார் அவங்களுக்கு வீடு கட்டிக் குடுத்துட்டுத்தான் தன் கல்யாணத்தைப் பத்திப் பேசவே ஆரம்பிப்பாங்க. வம்சம், குடியிருப்பு, வீட்டு உரிமை மூணும் அம்மா பக்கம். அந்த வீட்டைக் கட்டறதுக்குள்ள அப்பா அண்ணன்மார் படுற பாடும், வீடு இல்லாத ஏழைப் பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போறதும் அதுல இருக்கிற பெரிய குறை, அதை மறைக்கக் கூடாது. ஆனா யுத்தத்துல புருஷனை இழந்த பெண்கள்ல எத்தனையோ பேருக்குத் தலைக்கு மேல கூரை இருந்துச்சுன்னா அது இந்த முறையாலதான்.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரையை அடிச்சுட்டுப் போச்சு. சீதன வீடெல்லாம் போச்சு. அப்புறம் நிவாரண வீடு குடுக்கும்போது படிவத்துல குடும்பத் தலைவர்னு ஒரு இடம், அதுல புருஷன் பேர். அம்மா வழியா வந்த வளவு போய் புதுசா குடுத்த காணியும் வீடும் நிறைய இடத்துல ஆம்பளை பேருக்கு மாறிச்சு, பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துப் போராடிச்சு. மருமக்கள் வழியை ஒழிக்க இங்க முப்பது நாப்பது வருஷம் மசோதா, கமிஷன், சட்டம்னு விவாதமாவது நடந்துச்சு, அங்க நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு உரிமையை யாருகிட்டயும் கேக்காம ஒரு படிவத்தால எடுத்தாங்க. ரெண்டு பேர் பேரையும் போட்டுக் கூட்டு உறுதி, அதாவது கூட்டுப் பத்திரம், குடுங்கன்னு அப்பவே கேட்டாங்க, அதுதான் குறைஞ்சபட்சம் செஞ்சிருக்க வேண்டியது.